மருந்து எடுக்க வேண்டும்

என் அம்மா நாகம்மா 1956 செப்டம்பர் 17, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவளுக்கு ஆபரேஷன் குறித்திருந்ததும் அதே நாள்தான். ரிஜிஸ்டரில் வயது ஐம்பத்திரண்டு என்று எழுதினார்கள். அது நான் உத்தேசமாகச் சொன்னது. அவளுக்குத் தன் வயது தெரியாது.

நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் கடைந்து முடித்த உருப்படியை அளந்து பார்த்து, சரி என்றோ தள்ளுபடி என்றோ சீட்டு எழுதுவது என் வேலை. நீளமாக எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஜூஜுவாடியில், மைசூர் எல்லைக்கு இந்தப் பக்கம், சாவடியிலிருந்து இருநூறு அடி தள்ளி அம்மாவின் களிக்கடை இருந்தது. அப்பா பெருமாள் குந்தாரப்பள்ளி சந்தைக்கு மாடு ஓட்டிப் போய்க் காய்ச்சலோடு திரும்பி, பத்தாம் நாள் இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணன் முனிவேலுக்குப் பதினான்கு. மூன்றாவது மாதம் அம்மா கடை போட்டாள். கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரைக் கடைசல். வேறு எதுவும் கிடையாது. லாரிக்காரர்களும் வண்டிக்காரர்களும் எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். அம்மா இந்தப் பக்கத்தாரிடம் தமிழ் பேசுவாள், அந்தப் பக்கத்தாரிடம் கன்னடம். கோபம் வந்தால் எல்லாரிடமும் தெலுங்கு.

களி கிண்டுவது உடம்பு முழுவதும் சேர்ந்து செய்கிற வேலை. குண்டானை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்து, துடுப்பை இரண்டு கையாலும் சுழற்ற வேண்டும். கட்டி விழாமல் மாவு வெந்து இறுகும் வரை நிறுத்தக் கூடாது. இருபது வருஷம், நாளுக்கு மூன்று குண்டான். பிறகு ஈரக்கையால் உருண்டை பிடிப்பாள். எல்.எம்.ஈ. என்கிற மெக்கானிகல் டிப்ளமா படிக்கும்போது ஒரு விடுமுறையில் நாற்பது உருண்டைகளை நிறுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கால் தோலா வித்தியாசம் இல்லை. எங்கள் டூல் ரூமில் அந்தக் கைக்கு வேலை கொடுத்திருப்பார்கள்.

எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். குண்டானில் மிஞ்சியது, அடியில் ஒட்டிய காந்தல் எல்லாம் அவளுக்கு. எறிய மனம் வராது. வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போனாள். ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் இரண்டு டிக்கெட் வாங்கச் சொன்னாராம். "வாங்கிக்கிறேன், ரெண்டு சீட்டும் காலி பண்ணிக் குடு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். அதற்குப் பிறகு அந்தக் கண்டக்டர் எங்கள் கடையில்தான் சாப்பிட்டார்.

1956 தை மாதம் குண்டானை இறக்கும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ விட்டுப்போனது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். படுத்துக்கொண்டு கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. புடவைக் கொசுவத்தைச் சற்று மேலே ஏற்றிக் கட்டினாள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, கடையில் கூட்டம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். அதுவரை அப்படி நான் பார்த்ததில்லை. அதட்டிக் கேட்ட பிறகு காட்டினாள். அரைத் தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது.

பெங்களூர் டாக்டர் கன்னடக்காரர். ஒல்லியான, வேகமாகப் பேசுகிற மனிதர். வீக்கத்தை இரண்டு விரலால் உள்ளே தள்ளிவிட்டு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். வயிற்றுச் சதையில் ஒரு வளையம் மாதிரி துவாரம் இருந்தது. அதன் வழியாகத்தான் குடல் வெளியே வருகிறது. தைத்து மூடிவிடலாம். ஆனால் இவ்வளவு கொழுப்பில் தையல் நிற்காது, மயக்க மருந்தை இருதயம் தாங்காது. இப்போது எடை 232 ராத்தல். 190க்கு வந்தால் கத்தி வைக்கிறேன், அதற்கு ஒரு ராத்தல் மேலே இருந்தாலும் வைக்க மாட்டேன் என்றார்.

அதற்குள் குடல் அந்தத் துவாரத்தில் மாட்டி இறுகிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் அந்தக் குடல் செத்துவிடும் என்றார். கண்டுபிடிக்க அடையாளமும் சொன்னார். வீக்கம் கல் மாதிரி ஆகும், உள்ளே போகாது, வலிக்கும், வாந்தி வரும். வாந்தி வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே என்றார். இதையெல்லாம் என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் கேட்டார்.

"நிமகெ முத்தெ பேகா, ஆபரேஷன் பேகா?"

களி உருண்டை வேண்டுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று.

"எரடூ பேக்கு, சாமி" என்றாள் அம்மா. இரண்டும் வேண்டுமாம். டாக்டர் சிரிக்கவில்லை.

அன்றே ஒரு கிராஃப் தாளில் கோடு போட்டேன். படுக்கைவாட்டில் வாரம், செங்குத்தில் ராத்தல். ஏப்ரல் 8ஆம் தேதி 232. செப்டம்பர் நடுவில் 190. வாரத்துக்கு இரண்டு ராத்தலுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். துவாரம் எந்த வேகத்தில் பெரிதாகிறது என்பதற்குக் கோடு போட எனக்கு வழி தெரியவில்லை.

எடை போட ஓசூரில் ஒரு புளி மண்டிக்குப் போனோம். மேடைத் தராசு அங்கேதான் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து சோதனைப் படிக்கற்களைக் கொண்டுபோய் முதலில் தராசைச் சோதித்தேன். மூன்று ராத்தல் கூடுதலாகக் காட்டியது. மண்டிக்காரருக்கு என்மேல் கோபம். அந்த மூன்றையும் கழித்துத்தான் ஒவ்வொரு வாரமும் குறித்தேன். பிழையை விட்டுவைக்கிற ஆள் நான் இல்லை என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு தோறும் அம்மா புளி மூட்டைகளுக்கு நடுவே தராசில் ஏறி நிற்பாள். மூட்டை தூக்குகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஒரு வாரம் அவர்களில் ஒருவர், நாகக்கா எத்தனை மூட்டை தேறும் என்று கேட்டார்.

"கொட்ட எடுக்காத புளிடா. அதான் எட அதிகமாக் காட்டுது" என்றாள்.

சாப்பாட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மதியம் அரை உருண்டை. கீரை. வெண்ணெய் எடுத்த மோர். காந்தல் கூடாது. குண்டான் தூக்கக் கூடாது. களி கிண்டுகிற வேலை அண்ணன் மனைவி செல்வம்மாளிடம் போனது. அம்மா பலகையில் உட்கார்ந்து உருண்டை மட்டும் பிடித்தாள். நாளெல்லாம் நூறு பேருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் அரை உருண்டை தின்பாள். ஒரு நாளும் மீறவில்லை. ஆனேக்கல்லுக்கு முட்டைக்கோஸ் ஏற்றுகிற லாரி டிரைவர் வெங்கடப்பன், இந்தக் கடையில் பட்டினி கிடப்பது முதலாளி மட்டும்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மே மாதம் 221. ஜூன் கடைசியில் 211. கோடு நான் போட்டபடி இறங்கியது. கன்னம் ஒட்டியது. கைச்சதை தொங்கியது. ரவிக்கைகளை அண்ணி பிடித்துத் தைத்தார். வீக்கம் மட்டும் குறையவில்லை. உடம்பு சிறுத்ததால் அது இன்னும் துருத்திக்கொண்டு தெரிந்தது.

பேச்சு எப்போது கிளம்பியது என்று சரியாகத் தெரியாது. பக்கத்தில் பூ விற்கிற முனிலட்சுமி தளியிலிருந்து வருகிறவர். அவர்தான் முதலில் சொன்னதாக அண்ணன் சொல்கிறார். உடம்பு கரைகிறது, வயிற்றில் கட்டி மட்டும் நிற்கிறது, இது மருந்து என்று.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஆகாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள். அது செரிக்காமல் வயிற்றில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆள் நாளுக்கு நாள் தேய்ந்துபோவார். மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். அதை வெளியே கொண்டுவருவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். தளிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் கங்கப்பன் என்பவர். வெறும் வயிற்றில் ஏதோ பச்சிலைச் சாறு கொடுத்து, குடம் குடமாக வெந்நீர் குடிக்க வைத்து, உள்ளே இருப்பது வரும் வரை வாந்தி எடுக்க வைப்பார். முடியும் சோறும் உருண்டையாக வெளியே வரும் என்பார்கள். அத்திப்பள்ளியிலிருந்துகூட அவரிடம் போவார்கள். மருந்து எடுக்கிறவர் என்றால் எல்லைக்கு இரண்டு பக்கமும் அவரைத்தான் குறிக்கும்.

மருந்து வைத்தது யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடை யார் கைக்குப் போனதோ அவர்தான் என்று ஜாடை காட்டிவிட்டு விட்டுவிட்டார்கள். அண்ணி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் காதில் விழுந்து, குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அம்மா கேட்டதும் சிரித்தாள். "எனக்கு மருந்து வெச்சது எம் பெரிய மருமவ இல்ல. எஞ் சின்னப் பையன்தான். கீரையும் மோருமா வெச்சிட்டான்" என்று முனிலட்சுமியிடமே சொன்னாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் வீக்கம் உள்ளே போகவில்லை. இரண்டு மணி நேரம் படுத்தே இருந்தாள். ஈரத்துணி போட்ட பிறகு மெதுவாகப் போனது. அன்றோடு அண்ணன் பயந்துவிட்டார். அடுத்த ஞாயிறு நான் வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, கங்கப்பனிடம் ஒரு தடவை காட்டினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டார். நான் கத்தினேன். டாக்டரைத் தவிர எவனும் அவள் வயிற்றைத் தொடக் கூடாது என்றேன். பிறகு அம்மாவிடம் போய், நான் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்று சொன்னேன்.

"நீ எழுது, செய்யிறேன். எழுதாட்டி யாரு சொன்னாலும் செய்ய மாட்டேன். போதுமா?" என்றாள்.

போதும் என்றேன்.

ஆகஸ்டில் மறுபடி டாக்டரிடம் போனோம். 199. டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு, இப்படியே அறுக்க முடியாது என்றார். ஒரு பெரிய பாட்டில் டானிக் கொடுத்தார்கள். வேளைக் கணக்குக்குப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைக் கம்பவுண்டர் பாட்டில்மேல் ஒட்டியிருந்தார். இரும்புச் சத்து. துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். அடுத்த வாரம் மலம் கறுப்பாகப் போகிறது என்று அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினாள். டானிக் குடித்தால் அப்படித்தான் போகும் என்று பதில் சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. குடிப்பதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. பாட்டிலையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, ஞாயிறு. புளி மண்டித் தராசில் 194. மூன்றைக் கழித்தால் 191. அம்மா தராசை விட்டு இறங்காமல் நின்றாள். இன்னும் ஒன்றுதானே என்றாள். வருகிற வாரம் அது தானாகப் போய்விடும் என்றேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, சரி, அந்த ஒன்றும் அதற்குள் இறங்கிவிடும், அடுத்த திங்கட்கிழமை, 17ஆம் தேதி என்றார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் படுக்கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு கேட்டார்.

"ஔஷதி தகொள்தா இதாரா?"

மருந்து சாப்பிடுகிறாளா என்று. சாப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தகொள்ளலே பேக்கு" என்று மேஜையைத் தட்டினார். ஆபரேஷன் நாள் வரை ஒரு வேளை விடாமல் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் தேதியை மாற்ற வேண்டியிருக்கும் என்றார்.

வாசலுக்கு எதிரே போஸ்ட் ஆபீஸ். ஒரு கார்டு வாங்கி, நின்றபடியே எழுதினேன்.

"அம்மாவுக்கு 17ந் தேதி ஆபரேஷன். அதற்கு முன் மருந்து எடுக்க வேண்டும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். தாமதம் கூடாது. ஞாயிறு காலை வருகிறேன்."

திரும்ப ஒரு முறை படித்தேன். வேண்டாத சொல் எதுவும் இல்லை. பெட்டியில் போட்டேன்.

16ஆம் தேதி ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஜூஜுவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு பெட்டி இரவல் வாங்கி வந்திருந்தேன். புதிதாக ஓர் எனாமல் தட்டு. கடை மூடியிருந்தது. அப்பாவின் காரியத்துக்குப் பிறகு அந்தக் கடை பகலில் மூடி நான் பார்த்ததில்லை. வெங்கடப்பனின் லாரி ஓரமாக நின்றது. அவர் கைகட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைக்குப் பின்னால் வீடு. வாசலிலேயே பச்சிலை வாடை, அதற்கு அடியில் வேறொரு வாடை. அண்ணன் வெளியே வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஆனால் அந்த முகத்தில் நிம்மதி இருந்தது.

"வந்துட்டுதுடா கிருஷ்ணப்பா. நேத்து காலையில எடுத்தாச்சு. நீ எழுதினாப்பலயே, தாமதம் பண்ணல."

எனக்கு எதுவும் புரியவில்லை. எது வந்துவிட்டது என்று கேட்டேன். அவர் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக் காட்டினார். உள்ளே மயிரும் சோற்றுப் பருக்கையும் கறுப்பாக எதுவோ ஒன்றும் பிசைந்த உருண்டை. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் என் கார்டைச் சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

"இங்கிலீசு டாக்டரே மருந்து எடுக்கச் சொல்லிட்டாருன்னு கங்கப்பங்கிட்ட சொன்னேன். அவருக்கே ஆச்சரியம்" என்றார் அண்ணன்.

வாந்தி நின்றதா என்று கேட்டேன்.

"இன்னும் நிக்கல. மிச்சம் மீதி ரெண்டு நாளைக்கு வரும், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே என்று டாக்டர் சொன்னதை அண்ணனுக்கும் அண்ணிக்கும் நான் பத்துத் தடவையாவது சொல்லியிருந்தேன். அவர்கள் மறக்கவில்லை. மருந்து எடுத்தால் வாந்தி வரும். வரவேண்டியதுதானே வருகிறது என்று இருந்துவிட்டார்கள். இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

அம்மா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். அண்ணி மடியில் தலை. உதடு வெடித்திருந்தது. புடவையை விலக்கி வீக்கத்தைத் தொட்டேன். இறுகிப்போயிருந்தது. மேல்தோல் நாவல்பழ நிறம். அழுத்தினேன். போகவில்லை.

"எடுத்துட்டேன்டா" என்றாள். "ரொம்பக் கஷ்டப்படுத்திட்டாங்க. நீ எழுதாட்டி செஞ்சிருக்க மாட்டேன்."

பேசாதே என்றேன்.

"இப்ப எட எவ்ளோ இருக்கும்? நூத்தித் தொண்ணூறுக்குக் கீழ வந்திருக்குமில்ல?"

வந்திருக்கும் என்றேன்.

அவள் கடையில் உருண்டை பிடிக்க உட்காருகிற பலகையிலேயே வைத்து, வெங்கடப்பனும் இன்னும் நான்கு பேரும் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். கோணிகளை விரித்து மேலே படுக்க வைத்தோம். சாவடியில் கட்டையைத் தூக்குகிறவர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். அவரும் எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்தான். ஒன்றும் கேட்காமல் கட்டையைத் தூக்கினார். இருபத்திரண்டு மைல். வழியில் இரண்டு தடவை வாந்தி. இரண்டாவதில் வந்த நிறத்தையும் வாடையையும் இங்கே எழுதப் போவதில்லை. அண்ணி தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார்.

அன்று மதியமே அறுத்தார்கள். மூன்றடிக் குடல் கறுத்துப்போயிருந்தது என்றார் டாக்டர். வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைத்திருக்கிறேன், விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்றார். வாந்தி எப்போது தொடங்கியது என்று கேட்டார். நேற்றுக் காலை என்றேன்.

"நான் உனக்கு என்ன சொன்னேன்?"

ஒரு மணி நேரம் என்று சொன்னீர்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கேஸ் சீட்டில் நேரத்தை எழுதினார். கார்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

அம்மாவுக்கு நினைவு திரும்பவில்லை.

காரியம் முடிந்த அன்று பகலில் உறவுக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா தீர்த்தகிரி, எழுந்து நின்று அண்ணனைக் கேட்டார். எடுத்தது கண்ணெதிரே கொட்டாங்கச்சியில் இருக்கிறது. அப்படியானால் வைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். ஆறு மாதமாக அக்காவுக்குச் சோறு போட்டது யார்? அந்தப் பெண்ணை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கடையைத் திற என்றார். முனிலட்சுமி தலையைக் குனிந்து பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தார். அண்ணி கதவோரம் நின்றார். அழவில்லை.

நான் சுவரிலிருந்து கார்டைப் பிய்த்தேன். மூலை சுவரோடு நின்றுவிட்டது. எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். நான் எழுதியது டானிக்கைப் பற்றி என்றேன். டாக்டர் கன்னடத்தில் தகொள்ளலே பேக்கு, எடுத்தே ஆக வேண்டும் என்றார், தொழிற்சாலை டிஸ்பென்சரியில் இங்கிலீஷிலும் அப்படித்தான் சொல்வார்கள், அதையே தமிழில் எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன் என்றேன். குடிக்க வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். நம் வீட்டில் மருந்தைக் குடிப்போம். எவரும் எடுக்கமாட்டோம். பதினோரு வருஷம் பெங்களூரில் இருந்ததில் எனக்கு அது மறந்துபோயிற்று. அம்மாவுக்கு யாரும் எதையும் வைக்கவில்லை. குடல் மாட்டிக்கொண்டது. மாட்ட வைத்தது அந்த வாந்தி. வாந்தி எடுக்கச் சொன்னது என் கார்டு.

பிறகு மாமா சொன்னார்.

"படிச்சவன் அண்ணியக் காப்பாத்தறதுக்கு நல்லாத்தான் ஜோடிக்கிறான். அப்போ அந்த மயிரு எங்கிருந்துடா வந்திச்சு?"

கங்கப்பன் கையிலிருந்து என்றேன். அதை அவர்கள் நம்பவில்லை. மாமா வீட்டார் இலை போடுவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

அண்ணன் கார்டை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரலை வைத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"எடுக்கணும்னுதானேடா எழுதியிருக்குது?" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் அண்ணியை அனுப்பவில்லை. மறுநாள் கடையைத் திறந்தார். அண்ணி களி கிண்டினார். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் நேராகப் போய்விட்டார்கள். சிலர் நின்று, குண்டானைப் பார்த்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வெங்கடப்பன் லாரியை நிறுத்தி, ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து இரண்டு உருண்டை சாப்பிட்டார். மூன்றாவதும் கேட்டார். அண்ணி பிடிக்கிற உருண்டைகள் சமமாக இல்லை.

நான் பெங்களூருக்குக் கிளம்பும்போது அண்ணி பஸ் நிற்கிற இடம் வரை வந்தார். கையில் துணி சுற்றி எதையோ வைத்திருந்தார்.

"தம்பி, நேத்து சொன்னது நெசமா? இல்ல எனக்காகச் சொன்னீங்களா?"

நிஜம் என்றேன்.

"டானிக்குக் குடிக்கச் சொல்லித்தான் எழுதினீங்களா?"

ஆமாம் என்றேன். அம்மா நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன் என்றேன்.

அண்ணி துணியைப் பிரித்துப் பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"அத்த ஒரு நாளும் நிறுத்தலியே. மூக்கப் புடிச்சிக்கினு குடிப்பாங்க. ரெண்டு வேளையும் நாந்தான் ஊத்திக் குடுத்தேன்."

பாட்டிலில் கம்பவுண்டர் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. கடைசிப் பல் வரை இறங்கியிருந்தது. அடியில் ஒரு சொட்டு, காய்ந்து துரு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு தீர்ந்துபோனது என்றார் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வருகிறான், வேறு வாங்கி வரச் சொல்லலாம் என்று அம்மா சொன்னாளாம்.

பஸ் வந்தது. ஏறினேன்.